பன்னிரண்டு டிகிரித் தண்ணீர்

பிப்ரவரி 9

விடியுமுன் தூத்துக்குடி முத்தையாபுரம் பக்கம் மாமாவின் உப்பளத்துக்குப் போனேன். உப்பு விளையும் பாத்திக்கு முந்தின பாத்தி அது. தண்ணீரைக் காயவிடும் இடம். மாமா டிகிரி பார்த்தார்: 12. சூடு அல்ல, உப்பின் அடர்வைக் காட்டும் போமே டிகிரி. லிட்டருக்கு 120 கிராமுக்கு மேல் உப்பு. கடல்நீரில் 35தான். காற்று ஒதுக்கிய வரப்போரம் தண்ணீர் செம்மண் கரைத்ததுபோல் கிடந்தது. அள்ளிப் பார்த்தால் அத்தனையும் உயிர். ஆர்ட்டீமியா என்ற குட்டி உப்புநீர் இறால். ஒரு சென்டிமீட்டர் நீளம் இருக்கும், மல்லாந்து நீந்துகிறது.

"உப்புன்னா இதுக்கு உசுரு போலிருக்கு தாயி" என்றார் மாமா. நானும் வெகுநாள் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

பிப்ரவரி 11

லென்ஸில் பார்த்தேன். 11 ஜோடிக் கால்கள், இலை இலையாய், ஒரு நொடிகூட ஓயாமல் அடித்துக்கொண்டே இருக்கின்றன. இதன் உடல்நீரில் கடல்நீரைவிடக் குறைந்த உப்புதான் இருக்கிறது. அதனால் வெளியிலுள்ள உப்புநீர் இதன் உடம்பிலிருந்து தண்ணீரை இழுத்துக்கொண்டே இருக்கும். போனதை ஈடுகட்டக் குடிக்க வேண்டும். குடிக்கக் கிடைப்பதும் அதே உப்புத் தண்ணீர். குடல் உப்பையும் நீரையும் சேர்த்தே உறிஞ்சுகிறது. பிறகு உடம்பு உப்பை மட்டும் பிரித்து வெளியே தள்ளுகிறது. எந்த வழியாக என்பதை 1958இல் கிராகன் என்ற ஆய்வாளர் காட்டினார். அதை என் கண்ணால் பார்க்க வேண்டும்.

பிப்ரவரி 13

பள்ளி ஆய்வகத்தில் ஒன்றைக் காய்ச்சி வடித்த நீரில் அலசி, நீர்த்த சில்வர் நைட்ரேட்டில் விட்டு வெளிச்சத்தில் வைத்தோம். உப்பு வெளியேறும் இடத்தில் வெள்ளி படிந்து வெளிச்சத்தில் கறுக்கும். அது செத்துப்போனது, மனசு கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் முதல் 10 ஜோடிக் கால்களிலும் கறுப்புப் பொட்டு வைத்தாற்போல் ஒவ்வொரு புள்ளி. 11ஆவது ஜோடி வெறுமையாக இருந்தது. அந்தப் புள்ளிகள்தான் உப்பு வெளியேறும் வாசல்கள். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி இரண்டு தரம் எண்ணிவிட்டுக் கேட்டாள்: "டீச்சர், பிறந்த குஞ்சுக்குக் கால் இருக்காதே, அது என்ன செய்யும்?"

மார்ச் 12

எதிர்பாராத மழை, ஒரு மணி நேரம். மேல்தண்ணீர் 7 டிகிரி, அடியில் 11. மழைநீர் லேசானது, மேலேயே நின்றுவிட்டது. மாமாவுக்குப் பல நாள் வெயில் வீண்.

வீட்டில் கடல்நீரில் விட்டுவைத்தவை ஒரு வாரமாக நன்றாகவே இருக்கின்றன. சொன்னேன்.

"அப்போ கடலுக்கே போகலாமே?"

"மீன் விடுமா மாமா? ஓடு கிடையாது, வேகமும் கிடையாது. 12 டிகிரியில மீன் வராது."

மாமா தலையாட்டினார். உப்புமேல் ஆசைப்பட்டு இது இங்கே கிடக்கவில்லை.

மார்ச் 30

வெயில் ஏறி 18 டிகிரி. உப்பு கூடக்கூடத் தண்ணீரில் ஆக்சிஜன் குறையும். அதை ஈடுகட்ட ஹீமோகுளோபின் பெருகும். அதனால்தான் இன்னும் சிவந்திருக்கின்றன. இப்படி நெருக்கடி வந்தால் குஞ்சு போடுவதை விட்டு ஓட்டு முட்டை இடும். வரப்போரம் கேப்பை மாவு தூவியதுபோல் மிதந்தன. வழித்தெடுத்து நிழலில் உலர்த்தினேன்.

ஏப்ரல் 8

நேற்று முன்தினம் இரண்டு பாட்டிலில் முட்டை போட்டேன்: லிட்டருக்கு 30 கிராம் உப்பு ஒன்றில், 80 கிராம் மற்றதில். முதல் பாட்டிலில் மறுநாளே ஆரஞ்சுப் புள்ளிகள் வெளிச்சத்தை நோக்கித் துள்ளின. மற்றதில் இன்றுதான் நாலைந்து. முட்டைக்குள் சேமித்த ட்ரெஹலோஸ் என்ற சர்க்கரை கிளிசராலாக மாறி நீரை உள்ளே இழுக்கும். அந்த அழுத்தத்தில்தான் ஓடு வெடிக்கும். வெளியே உப்பு கூடினால் கிளிசராலும் கூடுதலாக வேண்டும்.

குஞ்சை மைக்ராஸ்கோப்பில் வைத்து அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டேன். பிடரியில் ஒரு வட்டம். கால்கள் முளைக்கும்வரை உப்பைத் தள்ளுவது அதுதான். மணி அடித்தும் அவள் கண்ணை எடுக்கவில்லை.