ஆறு கிரெடிட்டும் ஷ்லெசிங்கரும்

பெர்லின் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் உற்பத்திப் பொறியியல் முதுகலை சேர்ந்தபோது, பாடத்திட்டத்தில் கடைசியாக இருந்த ‘விருப்பப்பாடம்’ என்ற பகுதிதான் எனக்கு எரிச்சலாக இருந்தது. எந்தத் துறையிலிருந்தும் எடுக்கலாம், பொறியியலுக்கு வெளியே எடுத்தால் நல்லது என்றார்கள். ஒரு கிரெடிட்டுக்கு 30 மணி நேர உழைப்பு என்பது இங்கே கணக்கு. இந்தப் பகுதிக்கு ஆறு கிரெடிட், அதாவது 180 மணி நேரம். அதில் கணினியால் இயங்கும் சிஎன்சி இயந்திரங்கள் பற்றி இன்னொரு பாடம் படித்துவிடலாமே!

மதுரைக்கார சீனியர் அண்ணன் ஒருவர், “பேசாம ஜெர்மன் மொழி வகுப்பு எடுத்துட்டுப் போ தம்பி, வேலைக்கும் ஆகும்” என்றார். நியாயமான யோசனைதான். ஆனால் நான் பதிவு செய்யப் போவதற்குள் இடம் நிரம்பிவிட்டது. என் சோம்பல். மிச்சமிருந்தவற்றில் நேரம் ஒத்துவந்தது தொழில்நுட்ப வரலாறு கருத்தரங்கு ஒன்றுதான். பத்துப் பன்னிரண்டு பேர், ஆளுக்கொரு தலைப்பு, இருபது நிமிட உரை, செமஸ்டர் முடிவில் பதினைந்து பக்கக் கட்டுரை. பத்து மணி வகுப்புக்குச் சரியாகப் பத்துக்குப் போய் உட்கார்ந்தேன், யாரும் இல்லை. இந்த ஊர் வழக்கப்படி பத்து மணி என்றால் பத்தேகால் என்று அப்போதுதான் தெரிந்தது.

எனக்கு வந்த தலைப்பு, இரண்டாம் உலகப் போருக்குப் பின் இதே பல்கலைக்கழகத்தில் நடந்த கல்விச் சீர்திருத்தம். உட்கார்ந்த இடத்திலேயே எழுதிவிடலாம் என்று நினைத்தேன்.

சுருக்கமாக நடந்தது இது. 1945 ஏப்ரலில் சோவியத் படை நெருங்கும்போது, சார்லோட்டன்பர்க்கிலிருந்த பழைய தொழில்நுட்ப உயர்கல்விக்கூடம் மூடப்பட்டது. கட்டடங்களில் பெரும்பகுதி இடிந்து கிடந்தது. அந்தப் பகுதி பிரிட்டிஷாரின் பொறுப்புக்கு வந்தது. 1946 ஏப்ரல் 9 அன்று மறுபடி திறந்தபோது பெயரையே மாற்றிவிட்டார்கள்: ‘உயர்கல்விக்கூடம்’ போய் ‘பல்கலைக்கழகம்’ வந்தது. திறப்பு விழாவில் பேசிய பிரிட்டிஷ் தளபதி எரிக் நேர்ஸ், முதலில் பொறுப்புள்ள முழு மனிதரை உருவாக்க வேண்டும், நல்ல கட்டடக் கலைஞரோ பொருளியலாளரோ அதற்குப் பிறகுதான் என்ற பொருளில் பேசினார். பொறியாளர்களும் இலக்கியம், தத்துவம், வரலாறு படிக்க வேண்டும் என்றானது. 1950-ல் அதற்கென்று தனிப் புலமே வந்தது. அந்தக் கட்டாயம் பிற்பாடு போய்விட்டது. என்னை எரிச்சலூட்டிய அந்த ஆறு கிரெடிட்டில் அதன் வாடை மட்டும் மிச்சம் என்றே எனக்குப் படுகிறது. வேடிக்கை என்னவென்றால், போரில் ஜெயித்த அமெரிக்காவிலும் எம்ஐடி என்ற பெரிய தொழில்நுட்பக் கல்விக்கூடம் அதே 1950-ல் இந்த மாதிரி மனிதவியல் பாடங்களுக்கென்று ஒரு தனிப் பிரிவு தொடங்கியது.

இருபது நிமிடம் பேசி முடித்தேன். மாணவர்கள் மேசையை விரல் கணுவால் தட்டினார்கள். ஏதோ தப்பாகிவிட்டது என்று பயந்தேன். இங்கே கைதட்டலே அதுதானாம்.

கட்டுரையில்தான் மாட்டினேன். ஆங்கிலத்தில் எழுத அனுமதி வாங்கியிருந்தேன். எழுதியது என்னவோ லேப் ரெக்கார்டு மாதிரிதான்: நோக்கம், முறை, முடிவு. அதைக் காட்ட, பேராசிரியர் மாணவர்களைச் சந்திக்கும் நேரத்தில் போனேன். சிவப்புப் பேனாவால் வட்டம் வட்டமாகப் போட்டு வைத்திருந்தார். இலக்கணப் பிழை என்று நினைத்தேன். இல்லை. ‘நாஜிகள் ஆட்சிக்கு வந்த 1933-க்குப் பிறகு யூதப் பேராசிரியர்கள் நீக்கப்பட்டார்கள்’ என்ற வாக்கியத்தில், ‘நீக்கப்பட்டார்கள்’ மேல் வட்டம். ஓரத்தில் ஒரே சொல்: யாரால்?

“சட்டத்தால்” என்றேன்.

“சட்டம் போய் அறைக்கதவைத் தட்டுமா? நீங்கள் பொறியாளர். விசை இருந்தால் அதைக் கொடுத்தது எது என்று கேட்க மாட்டீர்களா?”

லேப் ரெக்கார்டில் ‘வெப்பநிலை அளக்கப்பட்டது’ என்றுதான் எழுத வேண்டும். அளந்தது நானா, பக்கத்து பெஞ்ச்காரனா என்பது யாருக்கும் வேண்டாம். நாலு வருடம் அப்படி எழுதி எழுதி, செய்தவனை வாக்கியத்திலிருந்து எடுத்துவிடுவது எனக்குக் கைவந்த கலை ஆகியிருந்தது.

மறுபடி நூலகத்துக்குப் போனேன். நீக்கப்பட்டவர்களைப் பற்றிப் படிக்கும்போது ஒரு பெயரில் கண் நின்றது. கேயார்க் ஷ்லெசிங்கர். கோயம்புத்தூரில் இளநிலை படித்தபோது லேத் (கடைசல் இயந்திரம்) அலைன்மென்ட் சோதனை, அதாவது அதன் பாகங்கள் நேராக இருக்கின்றனவா என்ற சோதனை, செய்திருக்கிறோம். ஸ்பிண்டில் என்ற சுழலும் தண்டில் மாண்ட்ரல் என்ற சோதனை உருளையை மாட்டி, நுண்ணிய அசைவைக் காட்டும் டயல் கேஜை வைத்து, கையால் மெதுவாகச் சுற்றி, முள் எத்தனை மைக்ரான் ஆடுகிறது என்று குறிக்க வேண்டும். அந்தச் சோதனைகளுக்கு ஷ்லெசிங்கர் பெயரைச் சொல்லித்தான் எங்கள் ஆசிரியர் பாடம் நடத்துவார். ஷ்லெசிங்கர் ஏதோ கம்பெனி என்று நினைத்திருந்தேன். அவர் 1904-லிருந்து இதே கல்விக்கூடத்தில் இயந்திரக் கருவிகளுக்குப் பேராசிரியர். 1933-ல் கைதாகிப் பல மாதம் சிறையில் இருந்தார், பிறகு நாட்டை விட்டுப் போனார், 1949-ல் பிரிட்டனில் இறந்தார். நான் படிக்க வந்திருக்கும் துறையே அவர் போட்ட அஸ்திவாரம்.

இன்னொன்றும் தெரிந்தது. போன கோடையில் நண்பர்களோடு டாய்ஃபெல்ஸ்பெர்க் மலைக்குப் போயிருந்தோம். ‘சாத்தான் மலை’ என்று பொருள். மேலே அமெரிக்கர்களின் பழைய ஒட்டுக்கேட்கும் நிலையத்தின் வெள்ளைக் குமிழ்கள் இருக்கும். அது மலையே இல்லை, குண்டு விழுந்த பெர்லின் வீடுகளின் இடிபாட்டைக் கொட்டிய மேடு. அதற்கு அடியில் புதைந்திருப்பது, நாஜிகள் இந்தக் கல்விக்கூடத்துக்காகக் கட்டத் தொடங்கி முடிக்காமல் விட்ட போர்த்தொழில்நுட்பப் புலத்தின் கட்டடம். 1937-ல் ஹிட்லரே அடிக்கல் நாட்டினார். அதன் உச்சியில் உட்கார்ந்துதான் நாங்கள் புளியோதரை சாப்பிட்டோம்.

இரண்டாவது வரைவில் துணிந்து ஒரு கருத்து வைத்தேன். பொறியாளர்கள் கவிதை படிக்காததால்தான் நாஜிகளுக்குத் துணைபோய்க் கெட்டுப்போனார்கள் என்ற விளக்கம் எல்லாருக்கும் வசதியாக இருந்திருக்கிறது. 1933-ல் ஃப்ரைபர்க் பல்கலைக்கழகத்தில் துணைவேந்தராகி நாஜிக் கட்சியிலும் சேர்ந்த ஹைடெக்கர் தத்துவப் பேராசிரியர். அவர் படிக்காத கவிதையா? சக ஆசிரியரைச் சிறைக்குக் கொண்டுபோகும்போது வாய் மூடியிருந்தது பாடத்திட்டத்தின் குறை அல்ல. பாடத்தைக் கூட்டுவது சுலபம், அந்த ஆசிரியர்களிடம் போய் ‘நீ அன்று எங்கே இருந்தாய்’ என்று கேட்பது கஷ்டம். இதை எழுதும்போது கொஞ்சம் நடுக்கம்தான், அவர்களுடைய பல்கலைக்கழகத்திலேயே உட்கார்ந்துகொண்டு இப்படி எழுதலாமா என்று.

ஒன்றும் ஆகவில்லை. 1.7 மதிப்பெண் வந்தது. இங்கே ஒன்றுதான் உச்சம், அதனால் இது நல்ல மதிப்பெண். திருத்திய தாளை வாங்கப் போனேன். ‘-பட்டது’, ‘-பட்டார்’ எல்லாவற்றையும் தேடித் தேடி எடுத்திருந்தேன். கடைசிப் பக்கத்தில் ஒன்று தப்பியிருந்தது: ‘ஷ்லெசிங்கர் பல காலம் மறக்கப்பட்டார்.’

அதன் மேலும் ஒரு சிவப்பு வட்டம்.