மொறிஸ் மைனர் வைப்பர்: தேய்ந்த பல்லை அரைச் சுற்றுத் திருப்பினால் போதும்

மட்டக்களப்புக் கல்லடியில் நிற்கும் மைனர் காரின் வைப்பர் மாரிக்கு முன்னமே ஒழுங்காகிவிட்டது. புது வீல்பொக்ஸ் (வைப்பர்க் கையின் தண்டைத் திருப்பும் பல்லுச் சக்கரம் உள்ள சிறு பெட்டி) வாங்கத் தேவைப்படவில்லை.

முதலில் இருந்த கோளாறு: பிளேட்டின் நுனியைப் பிடித்து ஆட்டினால் ஒன்றரை அங்குலம் சும்மா போய்வரும். ஓடவிட்டால் திரும்பும் இடத்தைத் தாண்டிப்போய்க் கண்ணாடி ரப்பரில் அடிக்கும். இதற்குக் கராஜ்களில் உடனே மோட்டரை மாற்றச் சொல்வார்கள். அதற்குமுன் இரண்டு வைப்பர்க் கையையும் தனித்தனியே ஆட்டிப் பாருங்கள். இரண்டிலும் ஒரே அளவு ஆட்டம் என்றால் பெரும்பாலும் தேய்வு மோட்டர்ப் பக்கம். ஒன்றில் மட்டும் கூட என்றால் அந்தப் பக்கத்து வீல்பொக்ஸ். இந்தக் காரில் சாரதிப் பக்கத்தில்தான் கூட.

மோட்டரிலிருந்து வீல்பொக்ஸ்களுக்குக் குழாய்க்குள் ஓடும் லூகாஸ் றேக் கேபிளில் சுற்றியிருக்கும் கம்பிச் சுருள் முன்னும் பின்னும் போய்ப் பல்லுச் சக்கரத்தைத் திருப்புகிறது. வைப்பர் வீசுவது ஏறக்குறைய 120 பாகை. ஆகவே சக்கரத்தில் மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் கூடவே தேயும், மிச்சப் பல் அப்படியே இருக்கும். அந்த நல்ல பக்கத்தைக் கேபிளுக்குக் கொடுத்தால் ஆட்டம் போய்விடும். டாஷ்போட்டுக்குள் கைவிட்டு வீல்பொக்ஸைக் கழற்றவே வேண்டாம்.

கவனம் வேண்டிய இடம் ஒன்றுதான். வைப்பர் நிறுத்தத்தில் இருக்கும்போது இரண்டு கையையும் கழற்றி, வெளியே தெரியும் தண்டின் தலையில் மேல் பக்கமாகக் கியூடெக்ஸால் ஒரு புள்ளி வையுங்கள். மோட்டரைக் கழற்றிக் கேபிளோடு முழுதாக வெளியே இழுங்கள். கேபிள் விலகும்போது தண்டுகள் பல சுற்றுச் சுற்றும், அது பரவாயில்லை. கேபிள் வெளியே வந்த பிறகு இரண்டு தண்டையும் அரைச் சுற்றுத் திருப்பிவிட்டு, கேபிளைத் திரும்பத் தள்ளுங்கள். தள்ளும்போதும் அவை சுற்றும், கையால் பிடித்து நிறுத்தக் கூடாது. மோட்டரைப் பூட்டி ஓடவிட்டு நிறுத்தினால் புள்ளி கீழ்ப்பக்கம் வர வேண்டும். ஒரு பல் முன்பின் இருந்தால் குற்றமில்லை. பக்கவாட்டில் நின்றால் பாதித் தேய்ந்த பல்லில்தான் மாட்டியிருக்கிறது, மறுபடி இழுங்கள். இரண்டாவது பொக்ஸின் வாயில் கேபிள் முட்டி நிற்கும். அப்போது பலவந்தம் பண்ணாமல் தண்டை விரலால் இலேசாக ஆட்டிக்கொண்டு தள்ள வேண்டும்.

கேபிளின் சுருளே தட்டையாகியிருந்தால் இந்த வேலை வீண். புதுக் கேபிள்தான். கொழும்பில் வாகனச் சாமான் கடைகள் உள்ள பஞ்சிகாவத்தையில் தேடுவதானால் பழைய கேபிளையும் வீல்பொக்ஸையும் கையோடு கொண்டுபோய் நீளம், பல் எண்ணிக்கை இரண்டையும் ஒத்துப் பாருங்கள். மினி, மிட்ஜெட் கார்களுக்கும் இதே முறைதான் என்றாலும் சாமான் ஒன்றல்ல.

குழாயைப் பெற்றோலால் கழுவிக் காயவிட்டு, கேபிளுக்குக் கிறீஸ் பூசியாயிற்று. மோட்டரை விட்டுப் பிரித்து, கைகளும் இல்லாமல், கேபிளை மீன் வியாபாரிகளின் வில்தராசால் இழுத்துப் பாருங்கள். 2.7 கிலோவுக்கு மேல் கேட்டால் குழாய் நசுங்கியிருக்கிறது, அல்லது தண்டு இறுகியிருக்கிறது. கடலும் வாவியும் இரண்டு பக்கமும் இருக்கும் கல்லடியில் இரண்டாவதுதான் சாத்தியம். இறுகிய தண்டுக்குச் சுத்தியல் ஆகவே ஆகாது, வார்ப்பு உடல் வெடித்துவிடும். டீசலில் ஊறவிடுங்கள்.

உப்புத் தண்ணீர் உள்ளே போகும் வழி வீல்பொக்ஸ் தண்டின் நட்டுக்குக் கீழே இருக்கும் ரப்பர். அது வெடித்திருந்தால் லொறி ரியூபில் வெட்டி அடுக்கலாம். தண்டைச் சுற்றிய ரப்பருக்கு ஒயில் விடாதீர்கள், ஊதிப்போகும். பாமசியில் கிடைக்கும் கிளிசரின் நாலு துளி போதும்.

மோட்டர் மூடியில் இருக்கும் நிறுத்த சுவிட்ச் இன்னும் சரிபண்ணவில்லை. பிளேட் கண்ணாடியின் அடிக்கு இரண்டு விரல் மேலே நிற்கிறது. மூடித் திருகுகளைத் தளர்த்தி, கண்ணாடியை நனைத்துக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்ப வேண்டும். அதோடு மோட்டர்ப் பக்கத்துச் சிறு ஆட்டத்துக்கு லேத்தில் பித்தளை புஷ் ஒன்று கடையக் கொடுக்க இருக்கிறது.