மின் பவர் ஸ்டீயரிங்கை வீட்டில் ரீசெட் செய்தல்: எதுவரை நம் கை, எங்கே மெக்கானிக்கின் கை

மின் பவர் ஸ்டீயரிங் உள்ள காரில் டேஷ்போர்டில் ஸ்டீயரிங்குக்கான மஞ்சள் விளக்கு எரிந்து, சக்கரத்தைத் திருப்புவது கனமாகிவிட்டால், முதலில் பார்க்க வேண்டியது ஸ்டீயரிங்கை அல்ல, பேட்டரியைத்தான் என்பது சொந்தக் காரையும் உறவினர்களின் கார்களையும் பல ஆண்டுகளாகப் பார்த்துவந்ததில் எனக்கு உறுதிப்பட்ட கருத்து. பழைய ஹைட்ராலிக் முறையில் இன்ஜின் பெல்ட்டால் சுழலும் பம்ப் ஒன்று எண்ணெயை அழுத்திக்கொண்டே இருந்தது. மின் முறையில் எண்ணெயும் இல்லை, பெல்ட்டும் இல்லை. ஸ்டீயரிங் தண்டிலோ அதன் கீழ்முனையிலோ உள்ள ஒரு மோட்டார், நாம் திருப்பும்போது மட்டும் மின்சாரத்தை இழுத்து உதவி செய்கிறது. நின்ற இடத்திலேயே சக்கரத்தைத் திருப்பும்போது அது இழுக்கும் மின்னோட்டம் பல பத்து ஆம்பியர்களைத் தொடும். பானெட்டைத் திறந்தால் இதற்கென்று தடித்த ஃபியூஸ் ஒன்று தனியாக இருப்பதைக் காணலாம். அதனால்தான், ரேடியோவும் விளக்குகளும் ஒழுங்காக வேலை செய்யும் அளவுக்கு உயிர் உள்ள பேட்டரிகூட ஸ்டீயரிங்குக்குப் போதாமல் போகிறது.

இந்த ஏற்பாடு சிறிய கார்களுக்கென்றே பிறந்தது எனலாம். 1988இல் ஜப்பானில் சுசுகி செர்வோ என்ற குட்டிக் காரில் இது முதலில் விற்பனைக்கு வந்தது. சின்ன இன்ஜினின் சக்தியில் ஒரு பங்கை எப்போதும் ஒரு பம்ப் தின்றுகொண்டிருக்க வேண்டியதில்லை என்பதே இதன் ஆதாயம். நம் ஊரில் டாடா நானோவுக்குக்கூட 2014இல் வந்த ட்விஸ்ட் வகையில்தான் இது கிடைத்தது. வேலை செய்யும் விதமும் எளிமையானது. ஸ்டீயரிங் தண்டின் நடுவே மெல்லிய முறுக்குக் கம்பி ஒன்று இருக்கிறது. நாம் திருப்பும்போது அது மிகச் சிறிதளவு முறுகும். அந்த முறுக்கை டார்க் சென்சார் அளந்து கட்டுப்பாட்டுப் பெட்டிக்குச் சொல்லும். பெட்டி காரின் வேகத்தையும் சேர்த்துப் பார்த்து, மோட்டாருக்கு எவ்வளவு மின்சாரம் என்று முடிவு செய்யும். நிறுத்துமிடத்தில் லேசாகவும் நெடுஞ்சாலையில் சற்று இறுக்கமாகவும் தோன்றுவது இந்தக் கணக்கினால்தான்.

சில மாதங்களுக்கு முன் என் மைத்துனரின் கார் மழைக்காலம் முழுவதும் ஓடாமல் நின்றிருந்தது. கிளப்பியதும் விளக்கு எரிந்தது. ஸ்டீயரிங் கல்லாய்க் கனத்தது. அவர் முழு ஸ்டீயரிங் தண்டையும் மாற்றச் சொல்வார்களோ என்ற கவலையில் இருந்தார். மல்டிமீட்டரை வைத்துப் பார்த்ததில் இன்ஜின் ஓடாதபோது பேட்டரி 12 வோல்ட்டைக்கூடத் தொடவில்லை. நல்ல நிலையில் முழுதாகச் சார்ஜ் ஏறிய ஈய-அமில பேட்டரி ஏறத்தாழ 12.6 வோல்ட் காட்ட வேண்டும், 12.2 என்றால் பாதி காலி. இன்ஜின் ஓடும்போது பெரும்பாலான கார்களில் 13.8 முதல் 14.5 வரை இருக்கும். அதற்கு வெகுவாகக் குறைந்தால், ஓடும்போது பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டரைச் சந்தேகிக்க வேண்டும். டெர்மினலில் பூத்திருந்த வெண்பொடியைச் சுரண்டி, உப்புத்தாளால் தேய்த்து, பேட்டரியிலிருந்து காரின் உடம்புக்குப் போகும் எர்த் வயரின் போல்ட்டையும் கழற்றிச் சுத்தம் செய்து இறுக்கி, பேட்டரியை இரவு முழுவதும் சார்ஜரில் போட்டோம். மறுநாள் விளக்கு தானாகவே அணைந்தது. இதில் ரீசெட் என்று நாங்கள் செய்தது எதுவுமே இல்லை.

இனி, பேட்டரியைக் கழற்றி மாட்டிய பிறகு எரியும் விளக்கைப் பற்றி. ஸ்டீயரிங் எந்தக் கோணத்தில் நிற்கிறது என்பதைச் சொல்லும் சென்சார் உள்ள கார்களில், மின்சாரம் அறுந்தவுடன் நடு நிலையின் நினைவு அழிந்துபோகலாம். அதை மீண்டும் கற்பிக்கும் முறை பல கார்களில் இப்படித்தான் இருக்கிறது: சமதளத்தில் காரை நேராக நிறுத்தி, இன்ஜினை ஓடவிட்டு, ஸ்டீயரிங்கை இடது எல்லைவரை நிதானமாகத் திருப்பி, அங்கே அழுத்திப் பிடித்துக்கொண்டிருக்காமல் வலது எல்லைவரை கொண்டுபோய், நடுவுக்குத் திருப்பி, இக்னிஷனை அணைத்துச் சற்றுப் பொறுத்து மறுபடி போட்டு, காலியான நேர்ச்சாலையில் மெதுவாகச் சிறிது தூரம் ஓட்ட வேண்டும். சில கார்களுக்கு அந்தச் சிறு ஓட்டமே போதும்; சிலவற்றுக்குக் கட்டுப்பாட்டுப் பெட்டிகளோடு பேசும் ஸ்கேனர் கருவி இல்லாமல் முடியாது. உங்கள் காருக்கு எது என்பதைக் காருடன் வந்த கையேட்டில் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். கோணச் சென்சாரே இல்லாத எளிய ஹாட்ச்பேக்குகளும் சாலையில் நிறைய ஓடுகின்றன. அவற்றில் இடதும் வலதுமாகத் திருப்புவதால் ஆவது ஒன்றுமில்லை. மின்னழுத்தம் சீரானதும் அடுத்த முறை இக்னிஷன் போடும்போது பெட்டி தன்னைத்தானே சோதித்துக்கொண்டு விளக்கை அணைத்துவிடும். பெருமை மட்டும் அந்தச் சடங்குக்குப் போய்ச் சேர்கிறது.

பேட்டரியின் நெகட்டிவ் வயரைச் சிறிது நேரம் கழற்றி வைத்தால் பிழைகள் எல்லாம் அழிந்துவிடும் என்று பரவலாகச் சொல்கிறார்கள். புதிய கார்களில் பிழைக்குறிகள் (கோளாறு என்ன என்று பெட்டி பதிந்துவைக்கும் குறிகள்) மின்சாரம் இல்லாமலும் அழியாத நினைவகத்தில் எழுதப்படுவதால், அது பெரும்பாலும் பயன் தருவதில்லை. ரேடியோ ரகசிய எண்ணைக் கேட்டு நிற்பதும், பவர் விண்டோவின் பதிவு அழிவதும் போன்ற தொல்லைகள்தான் மிஞ்சலாம். குறிகளைப் படித்துப் பார்ப்பதே முறை. ஆனால் மலிவாகக் கிடைக்கும் புளூடூத் ஸ்கேனர்களும் பொதுச் செயலிகளும் பெரும்பாலும் பி என்ற எழுத்தில் தொடங்கும் இன்ஜின் குறிகளோடு நின்றுவிடும். ஸ்டீயரிங் குறிகள் சி அல்லது யு என்று தொடங்குபவை, அவற்றுக்குக் காரின் தயாரிப்புக்கு ஏற்ற மென்பொருள் வேண்டும். யு0131 என்று வந்தால் ஸ்டீயரிங் பெட்டியோடு தொடர்பு அறுந்துவிட்டது என்று பொருள். அப்போது ஃபியூஸையும் கனெக்டரையும் பார்க்கலாம். எந்தக் குறியையும் அழிப்பதற்கு முன் ஒரு தாளில் எழுதிவைக்க வேண்டும். அழித்துவிட்டுப் பட்டறைக்குப் போனால், மெக்கானிக்கிடம் காட்டுவதற்கு நம்மிடம் எதுவும் இருக்காது.

வீட்டில் கை வைக்கவே கூடாது என்று நான் கருதுவது டார்க் சென்சாரின் பூஜ்ஜியத்தை அமைக்கும் வேலை. கை படாத நிலையில் முறுக்கு எதுவும் இல்லை என்பதை அந்தப் பெட்டிக்கு ஒருமுறை சொல்லிவைக்க வேண்டும். ஸ்டீயரிங் தண்டையோ பெட்டியையோ மாற்றினால் இது கட்டாயம். டொயோட்டா கார்களில் இது செய்யப்படாவிட்டால் சி1515 என்ற குறியும், அரைகுறையாக நின்றால் சி1516 என்ற குறியும் வரும். அமைக்கும்போது கார் சமதளத்தில் அசையாமல் நிற்க வேண்டும், சக்கரங்கள் நேராக இருக்க வேண்டும், ஸ்டீயரிங்கை யாரும் தொடக் கூடாது. அந்த நேரத்தில் விரலை வைத்துச் சற்றே இழுத்தால், அந்த இழுப்பையே பூஜ்ஜியம் என்று பெட்டி எடுத்துக்கொள்ளும். பிறகு கையை விட்டாலும் எதிர்ப்பக்கம் யாரோ திருப்புவதாக நினைத்து மோட்டார் அந்தப் பக்கம் உதவத் தொடங்கும். ஒரு பக்கம் லேசாகவும் மறுபக்கம் கனமாகவும் இருக்கும் ஸ்டீயரிங்கோடு நெடுஞ்சாலையில் போவதைவிட, உதவியே இல்லாத ஸ்டீயரிங்கோடு போவது பாதுகாப்பானது. கம்பித் துண்டால் ஓபிடி சாக்கெட்டின் (ஸ்கேனரைச் செருகும் இடம்) இரண்டு பின்களை இணைத்து இதைச் செய்துகாட்டும் வீடியோக்கள் உண்டு. சில பழைய மாடல்களுக்கு அது உண்மையாகவே வேலை செய்யும். ஆனால் பின்களின் பொறுப்பு காருக்குக் கார் மாறும், அந்தச் சாக்கெட்டின் 16ஆம் பின்னில் பேட்டரியின் மின்சாரம் எப்போதும் நிற்கிறது. தவறான பின்னில் கம்பி பட்டால் ஃபியூஸ் மட்டும் போனால் அதிர்ஷ்டம்.

எதையும் ரீசெட் செய்யத் தேவையில்லாத ஒரு நிலையும் உண்டு. நெருக்கடியான இடத்தில் காரை முன்னும் பின்னும் நகர்த்திப் பலமுறை திருப்பினாலோ, எல்லைவரை திருப்பி அங்கேயே இறுக்கிப் பிடித்தாலோ, மோட்டார் சூடாகும். கருகிவிடாமல் இருக்கப் பெட்டி உதவியைக் குறைத்துக்கொள்ளும். சற்று ஆறவிட்டால் தானாகவே திரும்பும். டயரில் காற்று குறைந்திருந்தாலும் மோட்டாரின் சுமை கூடும் என்பதால் அதையும் பார்த்துவிட வேண்டும்.

டார்க் சென்சாரையோ மோட்டாரையோ சுட்டும் குறி வந்தாலும், அழித்த குறி மீண்டும் மீண்டும் முளைத்தாலும், ஸ்டீயரிங் தானாக ஒரு பக்கம் நகர்ந்தாலும், காரைப் பட்டறைக்கு அனுப்ப வேண்டியதுதான். ஸ்டீயரிங் சக்கரத்துக்குள் ஏர்பேக் இருப்பதால் மஞ்சள் நிறக் கனெக்டர்களை வீட்டில் கழற்றவே கூடாது. எங்கே சரிசெய்திருந்தாலும், காலி மைதானம் ஒன்றில் மெதுவாக ஓட்டி, இரு பக்கமும் ஒரே அளவு விசையில் திரும்புகிறதா, வளைவிலிருந்து வெளிவரும்போது சக்கரம் தானாக நடுவுக்கு வருகிறதா, நேராகப் போகும்போது பிடி தளர்த்தினால் இழுக்கிறதா என்று பார்க்க வேண்டும். இழுத்தால் அது வீல் அலைன்மென்ட்டின் குறையாகவும் இருக்கலாம் என்பதால், அதை முதலில் சரிபார்க்கச் சொல்லுங்கள். தண்டை மாற்றும் செலவோடு ஒப்பிட்டால் அலைன்மென்ட்டுக்கு ஆகும் தொகை மிகச் சிறியது.