பழைய ஒடிசி வேனில் பவர் ஸ்டீயரிங் ஆயில் கசிகிறதா?

1999–2004 ஹோண்டா ஒடிசியில் ஸ்டீயரிங் திருப்பும்போது முனகல் கேட்டு, டப்பாவில் ஆயில் நுரைத்து மூடிவழியே வழிந்தால், உடனே பம்பை மாற்றக் கிளம்பாதீர்கள். பெரும்பாலும் குற்றவாளி, டப்பாவிலிருந்து வரும் குழாய் பம்போடு சேரும் இடத்திலுள்ள சின்ன ரப்பர் வளையமான ஓ-ரிங்தான். அது பம்ப் ஆயிலை உறிஞ்சும் பக்கம். ரப்பர் இறுகிப்போனால் அங்கே ஆயில் வெளியே வருவதைவிடக் காற்று உள்ளே போவதே அதிகம். அதனால் அந்த இடம் காய்ந்தே இருக்கும். பலர் ஏமாறுவது இங்கேதான்.

முதலில் எல்லாவற்றையும் துடைத்துக் காயவிடுங்கள். இன்ஜின் ஓடும்போது ஒருவர் ஸ்டீயரிங்கை இரு கோடிக்கும் திருப்பட்டும். கோடியில் 5 விநாடிக்கு மேல் பிடிக்கக் கூடாது. பம்பிலிருந்து ஆயில் அழுத்தத்தோடு போகும் குழாயான பிரஷர் ஹோஸில், ரப்பரும் உலோகமும் சேரும் இடம் நனைகிறதா பாருங்கள். சக்கரங்களைத் திருப்பும் ஸ்டீயரிங் ரேக்கின் ரப்பர் உறையை அமுக்கும்போது உள்ளே ஆயில் தளும்பினால் ரேக் சீல் போய்விட்டது. அது பெரிய வேலை.

ஓ-ரிங் மாற்றுவது எளிது. பெல்ட்டைத் துணியால் மூடி, போல்ட்டுகளைக் கழற்றி, குழாயை இழுத்து, புது ரிங்கில் ஆயில் தடவிப் பொருத்துங்கள். ஹோண்டா பவர் ஸ்டீயரிங் ஆயில் மட்டுமே ஊற்றவேண்டும். ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்கு ஊற்றும் ஏடிஎஃப் ஆயில் சீல்களைக் கெடுக்கும்.

முன் சக்கரங்களைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி, இன்ஜின் போடாமலே இருபுறமும் பத்துப் பதினைந்து முறை திருப்பிக் காற்றை வெளியேற்றுங்கள். அளவு குறையக் குறைய ஊற்றுங்கள். நுரை அடங்கிய பிறகே ஸ்டார்ட் செய்யலாம்.