மூணு அடி காம்போ

போன மாசம் ஸ்ட்ரீட் ஃபைட்டர் சிக்ஸ்னு ரெண்டு பேர் மோதுற சண்டை வீடியோ கேம்ல ஒரு ரேங்க் மேட்ச், கடைசி ரவுண்டு, ரெண்டு பேருக்கும் கொஞ்சூண்டுதான் உயிர் பாக்கி. எதிர்ல கென்ங்கிற கேரக்டரை ஆடுறவரு எழுந்ததும் ஷோர்யூகென் (மேல எகிறி போடுற குத்து) போட்டாரு, நான் பிளாக் பண்ணிட்டேன். அவரு மேல போய் கீழ இறங்குற வரைக்கும் அவரால ஒண்ணுமே பண்ண முடியாது, எனக்கு எவ்வளவோ நேரம் இருக்கு, என்ன வேணா அடிக்கலாம். நான் ஆடுறது ரியூ. ரெண்டு மாசமா டிரெய்னிங் மோட்ல உக்காந்து பழகுன பெரிய காம்போவை, அதாவது அடி மேல அடியா கோர்க்குற வரிசையை, ஆரம்பிச்சேன், டிரைவ் ரஷ் (சட்டுனு முன்னாடி பாயறது) வரைக்கும் நல்லா போச்சு, அடுத்த பஞ்ச் வரலை. அவரு எழுந்து ரெண்டு லைட் பஞ்ச் போட்டு ஷோர்யூகென்ல முடிச்சாரு, அவ்வளவுதான், மேட்ச் போச்சு.

அவரு என்னை முடிச்சது மொத்தமே மூணு அடி. அன்னைக்கு ராத்திரி பூரா அதுதான் மண்டைக்குள்ள ஓடிட்டே இருந்துச்சு. எனக்கு அந்த நேரத்துல ஒரு கீழ் ஹெவி பஞ்சும் (குனிஞ்சு போடுற பலமான குத்து) ஷோர்யூகெனும் போதும், அவருக்கு இருந்த உயிருக்கு அதுவே தாராளம், அந்த ரெண்டும் எனக்கு தூக்கத்துல கூட வரும், ஆனா கை அதுக்கு போகலை ஏன்னா நான் பழகுனது பெரிசை மட்டும்தான். அதுக்கப்புறம் காம்போ கத்துக்குற விதத்தையே அடியில இருந்து மாத்திட்டேன், அதைப் பத்தி எழுதணும்னு தோணுச்சு.

முதல்ல காம்போன்னா என்னங்கிறதே எனக்கு ரொம்ப நாள் சரியா புரியலை. பட்டன்களை ஒரு வரிசையில அழுத்துறதுன்னு நினைச்சுட்டு இருந்தேன், ஃபோன் நம்பர் மனப்பாடம் பண்ற மாதிரி. நிஜத்துல அது நேரக் கணக்கு. இந்த கேம் நொடிக்கு 60 ஃபிரேம்ல ஓடுது, ஒரு ஃபிரேம்னா நொடியில 60ல ஒரு பங்கு. அடி வாங்குனவன் சில ஃபிரேம் ஆடிப்போய் நிப்பான், அவன் தெளியறதுக்குள்ள உன்னோட அடுத்த அடி அவன்மேல விழுந்தா அது காம்போ, விழலைன்னா அவன் பிளாக் பண்ணிடுவான். என் அடி முடிஞ்சப்புறம் அவனை விட நான் 4 ஃபிரேம் முன்னாடி அசைய முடியும்னா, 4 ஃபிரேம்ல வர்ற லைட் பஞ்ச் சேரும், 6 ஃபிரேம்ல வர்ற மீடியம் சேராது. இதுக்குப் பேரு லிங்க். ஒரு அடி முடியறவரைக்கும் காத்திருந்து அடுத்ததை போடுறது. இன்னொன்னு கேன்சல், அடி பட்ட அந்த நொடியே அதோட மீதி அசைவை வெட்டிட்டு ஷோர்யூகென் மாதிரி ஒரு ஸ்பெஷல் மூவுக்கு போயிடறது. லிங்க்ல பொறுமை வேணும், கேன்சல்ல வேகம் வேணும். ஒரே காம்போவுக்குள்ள ரெண்டும் அடுத்தடுத்து வரும், அதனாலதான் எல்லாத்தையும் ஒரே வேகத்துல தட்டுறவங்களுக்கு எங்கயாவது ஒரு இடத்துல கண்டிப்பா டிராப் ஆகும், அதாவது காம்போ நடுவுல அறுந்துடும். எனக்கு ஆனதும் அதுதான்.

இந்த காம்போங்கிற விஷயமே தற்செயலா வந்ததுன்னு தெரிஞ்சப்ப ரொம்ப சந்தோஷமா இருந்துச்சு. 1991ல வந்த ஸ்ட்ரீட் ஃபைட்டர் டூவை பண்ணிட்டு இருந்தப்ப, காரை உடைக்கிற போனஸ் ஸ்டேஜை டெஸ்ட் பண்ணும்போது, அடிகளுக்கு நடுவுல இன்னொரு அடியை நுழைக்க முடியுதுன்னு இந்த கேமை பண்ற காப்காம் கம்பெனியில இருந்த நோரிடாகா ஃபுனாமிசு கவனிச்சிருக்காரு. இவ்வளவு சின்ன இடைவெளியை யாரும் பிடிக்க மாட்டாங்கன்னு நினைச்சு அதை எடுக்காம அப்படியே விட்டுட்டாங்க. ஆடுறவங்க பிடிச்சுட்டாங்க! 1993ல சூப்பர் ஸ்ட்ரீட் ஃபைட்டர் டூ வந்தப்ப எத்தனை அடி சேர்ந்துச்சுன்னு கேமே ஸ்கிரீன்ல எண்ணிக் காட்ட ஆரம்பிச்சிடுச்சு. நாம இன்னைக்கு மணிக்கணக்கா பழகுறது ஒரு காலத்துல யாரும் கண்டுக்கமாட்டாங்கன்னு விட்ட ஒரு ஓட்டைங்கிறது எனக்கு இப்பவும் அழகா தெரியுது.

சரி, இப்ப எப்படி பழகுறேன்னு சொல்றேன். மொத்த காம்போவையும் முதல்ல இருந்து கடைசி வரைக்கும் திரும்பத் திரும்ப போடுறதை நிறுத்திட்டேன். முன்னாடி என்ன ஆகும்னா அஞ்சாவது அடியில டிராப் ஆகும், மறுபடி முதல்ல இருந்து ஆரம்பிப்பேன், ஆக நேரம் பெரும்பாலும் ஏற்கனவே நல்லா வர்ற நாலு அடிக்கே போயிடும், வராத அந்த ஒரு இடத்தை ஒவ்வொரு சுத்துக்கும் ஒரு தடவைதான் தொடுவேன். இப்ப உடையற இடத்தை மட்டும் தனியா எடுத்துக்குறேன், அதுக்கு முன்னாடி ஒரு அடி பின்னாடி ஒரு அடி, அவ்வளவுதான். அது பத்து தடவைக்கு எட்டு தடவை வந்ததும் முன்னாடி ஒரு துண்டை ஒட்டுறேன்.

ஏன் உடையுதுன்னு பாக்கறதுதான் இதுல பெரிய வேலை. டிரெய்னிங் மோட்ல நாம அழுத்துனது எல்லாம் ஓரமா காட்டும், கீழ ஃபிரேம் மீட்டர்னு கலர் கலரா ஒரு பட்டை ஓடும், ரொம்ப நாள் நான் ரெண்டையும் ஆஃப் பண்ணி வச்சிருந்தேன், குழப்புதுன்னு. அது தப்பு. லிங்க் விட்டுப்போனா ரெண்டே காரணம்தான். பட்டன் அழுத்தியும் அடியே வரலைன்னா நீ சீக்கிரம் அழுத்திட்ட, முந்தின அசைவு இன்னும் முடியலை, கேம் அதை முழுங்கிடுச்சு. அடி வந்துச்சு ஆனா டம்மி (எதிர்ல நிக்குற பயிற்சி ஆள்) பிளாக் பண்ணிடுச்சுன்னா லேட். நான் எப்பவும் லேட்டாதான் அழுத்துறேன்னு நினைச்சு இன்னும் இன்னும் வேகமா தட்டிட்டு இருந்தேன், பார்த்தா என் தப்புல முக்காவாசி சீக்கிரம் அழுத்துனது. அந்த டிரைவ் ரஷ்ஷுக்கு அப்புறம் வர்ற பஞ்சும் அதேதான். வேகத்தை குறைச்சேன், வர ஆரம்பிச்சிடுச்சு. இப்ப வாயால சொல்லிட்டே போடுறேன், "டக் டக்... ட்டக்"னு, அந்த நடுவுல இருக்குற மூச்சுதான் லிங்க். கை மறந்தாலும் காது மறக்க மாட்டேங்குது.

(பழைய ஆளுங்க இதுக்கெல்லாம் சிரமப்பட்டதை நினைச்சா மலைப்பா இருக்கு. 2008ல வந்த ஸ்ட்ரீட் ஃபைட்டர் ஃபோர்ல ஒரே ஒரு ஃபிரேம் மட்டும் திறந்திருக்குற லிங்க் எல்லாம் இருந்துச்சு, அதை பிடிக்க ரெண்டு பட்டனை ஒரு ஃபிரேம் வித்தியாசத்துல வரிசையா தட்டுவாங்க, கேம் அதை ரெண்டு தடவை அழுத்துன மாதிரி எடுத்துக்கும். பிளிங்கிங்னு பேரு. இப்ப வர்ற கேம்ல சில ஃபிரேம் முன்னாடியே அழுத்துனா கூட ஞாபகம் வச்சுக்குது, அந்த அளவுக்கு நமக்கு சுலபம்.)

கேன்சல்ல வேற மாதிரி பிரச்சனை, அங்க கை சோம்பேறித்தனம் பண்ணணும். ரியூவோட கீழ் மீடியம் கிக்ல இருந்து ஹடோகென் (கையில இருந்து பறக்குற பந்து), இந்த சீரிஸ்லயே ரொம்ப பழைய காம்போன்னா இதைத்தான் சொல்லணும். இதை நான் ரெண்டு தனி வேலையா பண்ணிட்டு இருந்தேன், கீழ பிடிச்சு கிக், அப்புறம் ஸ்டிக்கை விட்டுட்டு மறுபடி கீழ, கீழ்-முன், முன், பஞ்ச். ஆனா கிக் அடிக்கும்போதே ஸ்டிக் கீழதானே இருக்கு, ஹடோகெனோட முதல் பாதி அங்கயே ஆரம்பிச்சாச்சு! அப்படியே உருட்டி முன்னாடி கொண்டு வந்து பஞ்ச் அழுத்துனா முடிஞ்சுது. இது புரிஞ்ச அன்னைக்கு அரை மணி நேரம் அதையே போட்டுட்டு இருந்தேன், அவ்வளவு சுகமா இருந்துச்சு. கீழ் ஹெவி பஞ்ச்ல இருந்து ஷோர்யூகெனும் இதே மாதிரிதான், முன், கீழ, கீழ்-முன்னுதான் அதோட வரிசை, நடுவுல கீழ வர்றப்பவே ஹெவி பஞ்சை அழுத்திட்டு கீழ்-முன்னுக்கு போய் மறுபடி பஞ்ச் அழுத்துனா ரெண்டும் ஒரே அசைவுல வந்துடும்.

இதுல ஒரு வம்பும் இருக்கு. முன்னாடி நடந்துட்டே ஹடோகென் போட போனா ஷோர்யூகென் வந்துடும், ஏன்னா நடந்த அந்த 'முன்'னையும் கீழ, கீழ்-முன்னையும் சேர்த்து கேம் ஷோர்யூகென்னு படிச்சுடுது. ரொம்ப நாள் கன்ட்ரோலர்ல கோளாறுன்னு நினைச்சேன். நடக்கறதை நிறுத்தி ஸ்டிக்கை ஒரு நொடி நடுவுல விட்டுட்டு ஆரம்பிச்சா சரியா வரும்.

அடுத்து எது பழகணும்ங்கிறது. பெரிய காம்போ வீடியோ பார்க்கும்போது எல்லாருக்கும் ஆசை வரும், எனக்கும் வருது, தப்பில்லை. ஆனா காம்போ நீள நீள ஒவ்வொரு அடியோட டேமேஜும் குறைஞ்சுட்டே போகும், ஸ்கேலிங்னு சொல்றது இதைத்தான், லைட் பஞ்ச்ல ஆரம்பிச்சா இன்னும் குறையும். அதுபோக டிரைவ் ரஷ் மாதிரி மூவுக்கெல்லாம் செலவாகுற டிரைவ் கேஜ்ல இருக்குறதே ஆறு கட்டம், காம்போ நடுவுல கேன்சல் பண்ணி ஒரு டிரைவ் ரஷ் போட்டா அதுல மூணு காலி, பாதி! மொத்தமா தீர்ந்து பர்ன்அவுட் ஆகிட்டா அப்புறம் பிளாக் பண்ற ஸ்பெஷல் மூவுக்கு கூட உயிர் குறையும். இதையெல்லாம் கணக்கு போட்டு பார்த்தா, எதிராளியை முடிக்கிற இடத்துல தவிர மத்த நேரத்துல அந்த நீளமான காம்போ எனக்கு தேவையே இல்லை. நான் இப்ப நாலுதான் வச்சிருக்கேன். ரெண்டு லைட்ல இருந்து ஷோர்யூகென், கீழ் மீடியம் கிக்ல இருந்து ஹடோகென், குதிச்சு ஹெவியில ஆரம்பிச்சு கீழ் ஹெவி, ஷோர்யூகென், அப்புறம் கீழ் மீடியம் கிக், டிரைவ் ரஷ், கீழ் மீடியம் பஞ்ச், ஷோர்யூகென். இந்த நாலும் வலப்பக்கம் நின்னாலும் வரணும். சொல்லும்போது சின்ன விஷயமா தெரியும், பக்கம் மாறினா ஸ்டிக் அசைவும் இடவலமா திரும்பிடும், ஷோர்யூகென் எனக்கு பாதிக்குப் பாதிதான் வந்துச்சு, அதுக்கே ஒரு வாரம் தனியா போச்சு.

ஆனா டிரெய்னிங் மோட்ல வர்றதும் மேட்ச்ல வர்றதும் வேற வேற, இதை யாரும் எனக்கு சொல்லலை. டம்மி அடி வாங்கத்தான் நிக்குது. மனுஷன் பிளாக் பண்ணுவான். பிளாக் பண்ணவன்மேல நான் பாட்டுக்கு ஷோர்யூகென் போட்டா நான்தான் சாவேன். அடி பட்டுச்சா இல்லையான்னு பார்த்துட்டு தொடர்றதுக்குப் பேரு ஹிட் கன்ஃபர்ம், கண்ணுல பார்த்து கை அசையவே 12, 15 ஃபிரேம் ஆகிடும், ஒரே ஒரு லைட் பஞ்சை பார்த்துட்டு முடிவு பண்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிடும். அதனாலதான் எல்லாரும் ரெண்டு லைட் போடுறாங்க, அந்த ரெண்டாவது பஞ்ச் டேமேஜுக்கு இல்லை, கண்ணுக்கு நேரம் வாங்கி குடுக்குறதுக்கு. இது எனக்கு பெரிய கண் திறப்பு. டம்மியை ரேண்டமா பிளாக் பண்ற மாதிரி செட் பண்ணிட்டு, பட்டா ஷோர்யூகென், பிளாக் பண்ணா கையை நிறுத்து, இவ்வளவுதான் பயிற்சி. முதல் நாள் ரொம்ப கஷ்டமா இருந்துச்சு, கை அதுபாட்டுக்கு ஷோர்யூகென் போட்டுடும். நாலஞ்சு நாள்ல நிக்க ஆரம்பிச்சுது. ஒண்ணு கவனிச்சேன், ராத்திரி வராதது சில நேரம் மறுநாள் காலையில முதல் தடவையே வரும், அதனால இப்ப ஒரே மூச்சா மூணு மணி நேரம் பழகுறதை விட்டுட்டு தினமும் இருபது நிமிஷம்னு மாத்திட்டேன்.

2004ல ஈவோங்கிற பெரிய ஃபைட்டிங் கேம் போட்டியில, ஸ்ட்ரீட் ஃபைட்டர் த்ரீல, கென் ஆடுன டைகோ உமெஹாரா, ஜஸ்டின் வாங் ஆடுன சுன்-லியோட சூப்பரை (கேஜை செலவழிச்சு போடுற பெரிய மூவ்) மொத்தமா பேரி பண்ணது, அதாவது அடி வர்ற நேரத்துக்கு சரியா தட்டி உயிர் குறையாம தடுத்தது, இந்த கேம் ஆடுற எல்லாருக்கும் தெரியும், கென்னுக்கு கிட்டத்தட்ட உயிரே இல்லை, பிளாக் பண்ணாலே செத்துடுவாரு, ஒவ்வொரு கிக்கையும் தனித்தனியா தடுப்பாரு. நான் அந்த வீடியோவை எத்தனை தடவை பார்த்திருக்கேன்னு கணக்கே இல்லை. ஆனா அந்த தோல்விக்கு அப்புறம் பார்த்தப்ப என் கண்ணு பேரிக்கு அப்புறம் வர்ற இடத்துக்கு போச்சு. கூட்டம் மொத்தமும் கத்துது, கடைசி கிக்கை காத்துல தடுத்துட்டு இறங்குறாரு, அப்ப அவரு போட்டது புதுசா ஒண்ணும் இல்லை, குதிச்சு அடி, தரையில அடி, ஸ்பெஷல், சூப்பர். கென் ஆடுற எல்லாரும் பழகுற மாதிரியான காம்போ. அதை அந்த சத்தத்துல, அந்த உயிருல, டிராப் பண்ணாம போட்டாரு. பேரி எவ்வளவு பெரிசோ எனக்கு இதுவும் அவ்வளவு பெரிசு.

நேத்து ராத்திரி மறுபடி ஒரு கென். அதே மாதிரி எழுந்ததும் ஷோர்யூகென், பிளாக் பண்ணேன், அவரு இறங்கிட்டு இருக்காரு, நான் வலப்பக்கம் நிக்குறேன். கீழ் ஹெவி, ஷோர்யூகென். ரெண்டும் பட்டுச்சு. அவருக்கு இன்னும் கொஞ்சம் உயிர் பாக்கி இருந்துச்சு, ரவுண்டு முடியலை, ஆனா நான் நாற்காலியில நல்லா நிமிர்ந்து உக்காந்துட்டேன்.