கால் வலிக்காதா?

மீனாட்சி அம்மன் கோயிலைச் சுற்றிக் காட்டுவது என் தொழில். பெரியவர்களுக்கு எண்கள் இருந்தால் போதும். கோபுரம் 14, ஆயிரங்கால் மண்டபத்தில் எண்ணினால் 985 தூண். தலையாட்டிக்கொண்டே வருவார்கள். வாசலில் ஒப்படைத்த போன் பத்திரமாக இருக்குமா என்ற கவலை நடுநடுவே எட்டிப் பார்க்கும்.

பள்ளிக்கூடப் பிள்ளைகள் வந்தால் கதையே வேறு. முக்குறுணி விநாயகருக்குச் சதுர்த்தியன்று 18 படி அரிசியில் கொழுக்கட்டை என்று சொன்னால், "எங்களுக்கும் குடுப்பாங்களா?" என்பார்கள். கல்யானை கரும்பு தின்றதைச் சொன்னால் சக்கையை எங்கே துப்பியது என்று கேட்பார்கள்.

எனக்குப் பிடித்த இடம் வெள்ளியம்பலம். மற்ற ஊர்களில் இடக்காலைத் தூக்கி ஆடுகிற நடராஜர் இங்கே வலக்காலைத் தூக்கியிருக்கிறார். திருவிளையாடல் கதைதான். ராஜசேகர பாண்டியன் 63 கலைகள் கற்றவன். மிச்சமிருந்த பரதத்தையும் கற்கப் போனான், உடம்பு நொந்துவிட்டது. ஓயாமல் ஒரே காலில் நிற்கிறவருக்கு எவ்வளவு வலிக்கும் என்று தோன்ற, காலை மாற்றி ஆடச் சொல்லி அழுதான். மாற்றாவிட்டால் வாளில் விழுந்து சாவேன் என்றான்.

"அப்ப இந்தக் கால் வலிக்காதா சார்?"

எந்தக் கூட்டத்திலும் ஒரு பிள்ளை இதைக் கேட்டுவிடும். "சாமியை அப்படியெல்லாம் கேக்கக் கூடாது" என்று டீச்சர் அதட்டுவார். ராஜாவும் இதைத்தானே கேட்டான்?

குழந்தையைப் போல நம்பு என்று சொற்பொழிவுகளில் சொல்கிறார்கள். வாயை மூடிக்கொண்டு வா என்பதைத்தான் பலர் இப்படிப் பூசி மெழுகுகிறார்கள் என்பது என் சந்தேகம். பிள்ளைகளோ நம்புவதால்தான் கேட்கிறார்கள். பாண்டியன் ஒன்றும் விவரம் தெரியாதவன் இல்லை. ஆடிப் பார்த்து வலியை அறிந்தவன். அத்தனை படித்த பிறகும் சாமியின் காலைக் கால் என்றே நினைக்க முடிந்ததே, அதுதான் எனக்கு ஆச்சரியம்.

அறுபத்துமூவர் சிலைகளுக்கு முன்னால் இன்னொரு கதை சொல்வேன். 1896-ல் தெற்குக் கோபுரத்துக்குப் பக்கத்தில் சொக்கப்ப நாயக்கன் தெருவில், உறவினர் வீட்டில் இருந்த 16 வயது வேங்கடராமனைத் திடீரென்று சாவு பயம் பிடித்தது. அவன் யாரையும் கூப்பிடவில்லை. பிணம்போல் படுத்து, சாவது எது என்று உள்ளே பார்த்தான். அதன் பிறகு இங்கே வந்து, இந்த நாயன்மார்கள் முன் நின்று கண்ணீர் விடுவான். ஆகஸ்டு 29 அன்று, அண்ணன் தன் காலேஜ் ஃபீஸைக் கட்டச் சொன்ன 5 ரூபாயில் 3 ரூபாயை மட்டும் எடுத்துக்கொண்டு திருவண்ணாமலைக்குப் போய்விட்டான். பின்னாளில் ரமணர்.

பெரியவர்கள் இங்கே கைகூப்புவார்கள். போன மாதம் வந்த ஒரு பொடியன், "மிச்சம் ரெண்டு ரூபாயை ஏன் வச்சுட்டுப் போனாரு?" என்றான். திருவண்ணாமலைக்கு 3 ரூபாய் போதும் என்று நினைத்தார் என்றேன். "பசிச்சா?" என்றான். அதற்குள் டீச்சர் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எல்லோரையும் கிளப்பிவிட்டார்.