தட்டும் பெட்டியும்: ஒரு டிசம்பர் நாட்குறிப்பு

டிசம்பர் 1, 2024, ஞாயிறு

கிறிஸ்துமஸுக்கு ஆயத்தமாகும் திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு. மாலையில் பெரியவன் மொட்டை மாடியில் நட்சத்திரம் கட்டினான். எங்களுக்கு முன்பே கடைகள் கட்டிவிட்டன. தீபாவளித் தள்ளுபடிப் பதாகை இறங்கிய இடத்தில் கிறிஸ்துமஸ் தள்ளுபடிப் பதாகை ஏறி நாளாகிறது.

இரவு சாப்பிட்டு முடித்ததும் இவர் தாளும் பேனாவுமாக உட்கார்ந்தார். யார் யாருக்குக் கேக் அனுப்புவது என்ற கணக்கு. போன வருஷம் நமக்கு அனுப்பியவர் யார், அது என்ன விலை இருக்கும் என்று யோசித்து யோசித்து எழுதினோம். 32 பெயர்கள். பேக்கரிக்காரர்களே பெட்டி கட்டி, எங்கள் பெயரை ஒட்டி, வீடு வீடாகக் கொடுத்துவிடுவார்கள். நாங்கள் வாசலைத் தாண்ட வேண்டாம்.

அம்மா காலத்தில் பெட்டி கிடையாது, தட்டுதான். அதிரசம், முந்திரிக்கொத்து, அச்சுமுறுக்கு, ஓரத்தில் இரண்டு பழம், மேலே மூடிய வெள்ளைத் துணி. கொண்டுபோய்க் கொடுப்பது என் வேலை. எந்த வீட்டிலும் தட்டை வெறுமையாகத் திருப்பித் தந்ததில்லை. ஒன்றும் இல்லாவிட்டால் ஒரு கை சீனியாவது போட்டுத் தருவார்கள். அந்தச் சீனியைத் தின்றுகொண்டே அடுத்த வீட்டுக்கு ஓடுவேன்.

டிசம்பர் 6, வெள்ளி

கிறிஸ்துமஸ் தாத்தா எந்தக் கடையில் பரிசு வாங்குகிறார் என்று சின்னவன் கேட்டான். இன்று புனித நிக்கோலாவின் நாள்தான். மடியில் உட்கார வைத்துச் சொன்னேன். இப்போதைய துருக்கியில் இருக்கும் மீரா என்ற ஊரின் ஆயர் அவர், நான்காம் நூற்றாண்டுக்காரர். மூன்று பெண்களைக் கட்டிக்கொடுக்க வழியில்லாமல் தவித்த ஒரு தகப்பனின் வீட்டில், இரவில் யாருக்கும் தெரியாமல் பொன்முடிப்பைப் போட்டுவிட்டு வந்தார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் கதை. தகப்பன் விழித்திருந்து கையும் களவுமாகப் பிடித்தபோது, "என் பெயரை வெளியே சொல்லாதே" என்றாராம்.

இன்று நாம் பார்க்கும் சிவப்புச் சட்டைத் தாத்தாவை 1931 முதல் ஒரு குளிர்பான விளம்பரம் உலகமெல்லாம் கொண்டுபோய்ச் சேர்த்தது. சின்னவனுக்கு அது பெரிதாகப்படவில்லை. "இருட்டில் தனியாகவா போனார்? பயமாக இருக்காதா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தான். எனக்கோ பெட்டிகளில் ஒட்டப்போகும் எங்கள் பெயர்தான் மனதில் ஓடியது.

டிசம்பர் 13, வெள்ளி

விடாத மழை. தாமிரபரணியில் தண்ணீர் ஏறுகிறது என்றதும் தெருவில் எல்லோர் முகத்திலும் போன வருஷம் வந்துவிட்டது.

2023 டிசம்பர் 17, ஞாயிறு. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டித் தீர்த்தது. ஸ்ரீவைகுண்டத்தில் ரயில் நின்று சுமார் 800 பேர் சிக்கிக்கொண்டபோது, பக்கத்துப் புதுக்குடி மக்கள் இருந்ததைச் சமைத்துப் போட்டார்கள். பண்டிகைக்கு ஒரு வாரம்தான் இருந்தது. எங்களில் யாரும் கேக்கைப் பற்றிப் பேசவில்லை.

அந்த வாரம் கொக்கிரகுளத்தில் ஆற்றோரச் சந்தில் இருக்கும் ஆச்சியைப் பார்க்கப் போனேன். அம்மாவுக்கு மாவு இடித்துக் கொடுத்தவர், எங்கள் சபைக்காரர், தனிக்கட்டை. வீட்டுச் சுவரில் என் தோள் உயரத்துக்குச் சேற்றுக் கோடு. நான் நீட்டிய சேலையை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "சேலை கிடக்கட்டும். நீ வந்துவிட்டாயே."

அதற்குப் பிறகு நான் அங்கே போகவில்லை. இரண்டு முறை ஆள் மூலம் பணம் அனுப்பினேன். தேவன் ஆள் அனுப்பாமல் தாமே வந்தார் என்று வருஷம் தவறாமல் பாடுகிற வாய் இது. எழுதவே வெட்கமாக இருக்கிறது.

டிசம்பர் 18, புதன்

வீடு வீடாகப் போய்க் கிறிஸ்துமஸ் பாட்டுப் பாடும் கீத பவனிக்குச் சபையில் வரிசை போட்டுவிட்டார்கள். இரண்டு இரவு, வீட்டுக்கு ஐந்து நிமிடம், ஒரு பாட்டு, ஜெபம், காணிக்கைக் கவர், புகைப்படம். ஆச்சி வீடு அதில் இல்லை. "வேன் சந்துக்குள் போகாது அக்கா" என்றார்கள். அங்கே கவர் கிடைக்காது என்பதை அவர்கள் சொல்லவில்லை, நான் சொன்னேன். குரல் உயர்ந்துவிட்டது. வாலிபப் பையன்களில் நாலு பேர், "நாங்கள் நடந்து போகிறோம்" என்றார்கள்.

டிசம்பர் 19, வியாழன்

ஆச்சியை ஆட்டோவில் வீட்டுக்கு அழைத்து வந்தேன். பச்சரிசியை ஊறவைத்து, நிழலில் உலர்த்தி, ஈரம் இருக்கும்போதே இடித்துச் சலித்திருந்தேன். வெல்லப் பாகைத் துளித்துளியாகத் தண்ணீரில் விட்டு உருட்டிப் பார்த்தபடி இருந்தார் ஆச்சி. "இன்னும் இல்லை… இன்னும் இல்லை… இறக்கு!" அந்த ஒரு நொடி தவறினால் அதிரசம் கல்லாகிவிடும் அல்லது எண்ணெயில் பிரிந்துவிடும். மாவைப் பானையில் போட்டுத் துணி கட்டி வைத்திருக்கிறோம்.

பேக்கரியில் 32 பெட்டியை 12 ஆக்கினேன், வெளியூர்க்காரர்களுக்கு மட்டும். கடைகள் மேல் எனக்குக் கோபம் இல்லை. இந்த மாத வியாபாரத்தில்தான் அங்கே மாவு பிசைகிறவர் வீட்டிலும் அடுப்பு எரிகிறது. துணி தைத்த தங்கைக்கு, "பண்டிகை கழித்துத் தருகிறேன்" என்று சொல்லாமல் இன்றே கூலி கொடுத்துவிட்டேன். அவளுக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

டிசம்பர் 21, சனி

இரவு பதினொன்றேகால். சந்தில் வரிசையாக நடந்தோம், ஒரு கிட்டார், இரண்டு டார்ச் விளக்கு. ஆச்சி வெள்ளைச் சேலை கட்டி வாசற்படியில் காத்திருந்தார். பையன்கள் புதுப் பாட்டு ஒன்று பாடினார்கள். முடிந்ததும் அவராகவே பழைய கீர்த்தனை ஒன்றை எடுத்தார். இரண்டாம் அடியில் மூச்சு வாங்கியது. பையன்களுக்கு வரிகள் தெரியாது, ஆனாலும் ராகத்தை மட்டும் தாழ்ந்த குரலில் பிடித்துக்கொண்டார்கள். ஐந்து நிமிடம் என்று எவரும் கடிகாரம் பார்க்கவில்லை. போகும்போது முந்தானையை அவிழ்த்து, மடித்த பத்து ரூபாய்த் தாளை எடுத்து நீட்டினார். கவர் ஒருவரிடமும் இல்லை. கிட்டார் பையன் இரு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டான்.

டிசம்பர் 25, புதன்

அதிகாலை ஆராதனை முடிந்து வந்து எட்டுத் தட்டு அடுக்கினேன். சின்னவன் ஒன்று, நான் ஒன்று. மத்தியானத்துக்குள் எட்டு வீடும் முடிந்துவிடும் என்று நினைத்தேன். ஐந்துதான் முடிந்தது. போன இடத்தில் எல்லாம் உட்காரச் சொன்னார்கள், உட்கார்ந்தேன். எதிர்த்த வீட்டம்மாவுக்கு ஆறு மாதமாக முட்டி வலி என்பதே இன்றுதான் எனக்குத் தெரியும்.

டிசம்பர் 26, வியாழன்

மூன்று வீடு பாக்கி. அச்சுமுறுக்கு நமுத்துப்போவதற்குள் போக வேண்டும். நேற்றுப் போன தட்டுகளில் நான்கு திரும்பிவிட்டன: ஒன்றில் மாதுளை, ஒன்றில் பேரீச்சம்பழம், ஒன்றில் கொல்லையில் பறித்த கறிவேப்பிலை. ஆச்சியின் தட்டில் சீனி. சின்னவன் விரலால் தொட்டு நக்கிக்கொண்டே செருப்பைத் தேடுகிறான்.